திருத்தச் சொன்ன ‘அம்மா’

கோவில்பட்டியில் மிக்சி பழுது பார்க்கும் கடையில் நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து பிரியா கூப்பிட்டாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டப்பிங் கம்பெனியில் இப்போது பொறுப்பில் இருக்கும் பெண். நல்ல பெண்தான். ஆனால் அவள் கூப்பிட்டாலே எனக்கு எரிச்சல் வரும். “சார், ஒரு சின்ன சந்தேகம்” என்றுதான் ஆரம்பிப்பாள். அவளுடைய சந்தேகம் எதுவும் இதுவரை சின்னதாக இருந்ததில்லை.

“சார், ஒரு சின்ன சந்தேகம். அந்தப் புறாக்காரி சீரியல் ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இருக்கிறதாவது! என் தலையில் மிச்சமிருந்த முடி அந்தத் தொடரில்தான் போயிற்று. வெளிநாட்டு அனிமேஷன் தொடர் அது. ராஜா காலத்துக் கதை. காட்டில் தானியக் கதிருக்குக் குருவி விரட்டிக்கொண்டிருக்கும் ஒரு பட்டிக்காட்டுப் பெண், வழிதவறி வந்த அரண்மனைப் புறாவைக் குரல் கொடுத்தே கீழே இறக்கிவிடுவாள். அதைப் பார்த்த சேவகர்கள், அரண்மனைத் தூதுப் புறாக்களைப் பார்த்துக்கொள்ள அவளைக் கூட்டிப்போவார்கள். நடக்கத் தெரியவில்லை, குனியத் தெரியவில்லை, வாயை மூடத் தெரியவில்லை என்று அரண்மனையே அவளைப் படாத பாடு படுத்தும். குழந்தைகள் சேனலில் வந்தது. தமிழ் வசனம் அடியேன்.

“அதை இப்ப மொபைல் ஆப்ல போடுறாங்க சார். கம்ப்யூட்டர் வச்சு மொத்தமா செக் பண்ணோம். கடைசி எபிசோடுல ஒரு மிஸ்டேக். வர்றவங்க, ‘நான் அவ சின்னம்மா’ன்னு சொல்றாங்க. அடுத்த ஷாட்ல ஹீரோயின் அவங்களையே ‘அம்மா’ன்னு கூப்பிடுறா. அந்த வாய்க்குப் பொருந்துற மாதிரி வேற வார்த்தை ஒண்ணு குடுங்க சார். பேசுறதுக்கு ஆள் வேணாம். மெஷினே அதே பொண்ணு குரல்ல பேசிடும்.”

மிக்சிக்காரரிடம் போட வேண்டிய மீதிச் சண்டையையும் அவளிடம் போட்டேன். சின்னம்மாவை அம்மா என்று கூப்பிடுவது பிழையா? எந்த ஊர்க் கம்ப்யூட்டர் அது? அதற்குச் சின்னம்மா பெரியம்மா யாரும் கிடையாதா? அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப ஏன் சார் அப்படி எழுதினீங்க, அதையாவது சொல்லுங்க” என்றாள். போனில் சொன்னால் பாதியில் அவளுக்கு இன்னொரு கால் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

நான் விளாத்திகுளம் பக்கத்து ஆள். சினிமாவுக்கு வசனம் எழுதப் போகிறேன் என்று மிளகாய்க் காட்டை அண்ணன் தலையில் கட்டிவிட்டு ரயிலேறியவன். சினிமா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேற்று மொழிப் படங்களுக்குத் தமிழ் எழுதும் ஒருவரிடம் படியெடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் தூங்கும்போது விட்ட வசனங்களை நிரப்பினேன். பிறகு நானே எழுத ஆரம்பித்து, கடைசியில் ஒலிப்பதிவையும் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளானேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. திட்டு வாங்கினேன், டீ வாங்கினேன்.

டப்பிங் வசனத்தை மொழிபெயர்ப்பு என்று நினைப்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. திரையில் ஒரு வாய் ஏற்கெனவே அசைந்து முடித்துவிட்டது. அது எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது, எவ்வளவு நீள்கிறது என்று பார்த்து, அதற்குள் நம் வார்த்தையைச் செருக வேண்டும். உதடு ஒட்டினால் ‘ப’வோ ‘ம’வோ வந்தாக வேண்டும். ஒட்டாத இடத்தில் அவை வரக் கூடாது. முதுகு காட்டி நிற்கும் ஷாட்டும் கையால் முகத்தைப் பொத்தும் ஷாட்டும் எங்களுக்குத் திருவிழா. அங்கே என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். முகம் திரை முழுக்க வந்து நின்றுவிட்டால் தொலைந்தோம்.

என் மேலதிகாரி வரதராஜன் சாருக்கு வாய்தான் உலகம். பழைய காலண்டரின் பின்னட்டையில் ஒரு ஓட்டை வெட்டி வைத்திருப்பார். மானிட்டர் முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு, ஓட்டை வழியாக வாயை மட்டும் பார்ப்பார். கண், மூக்கு, கதை எதுவும் அவருக்குத் தேவையில்லை. நாங்கள் டப்பிங் செய்து முடித்த துப்பறியும் படம் ஒன்றில் கொலைகாரன் யார் என்று பேச்சு வந்தபோது, “யாரு, அந்தப் பல்லு தெரியுறவனா?” என்று கேட்ட மனிதர். உட்கார மாட்டார். ஒவ்வொரு டேக் முடிந்ததும், “நல்லா இருக்கு. இன்னொண்ணு” என்பார். எதற்கு இன்னொண்ணு என்று சொல்ல மாட்டார். கேட்டால், “நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்?” என்று நம்மையே திருப்பிக் கேட்பார். அவரிடம் வேலை பார்த்ததில் எனக்கு ரத்தக் கொதிப்பு வந்தது. அவருக்குக் கடைசி வரை ஒன்றும் வரவில்லை.

புறாக்காரித் தொடர் வந்தபோது சேனல்காரர்கள், நாயகிக்கு நிஜமான கிராமத்துக் குரல் வேண்டும் என்றார்கள். சென்னையில் இருந்த குரல் கலைஞர்கள் எல்லோரும் வந்து பேசிக் காட்டினார்கள். ஒருத்தி பேசினால் கோயம்புத்தூர், அடுத்த வரியில் மதுரை, கோபம் வந்தால் நேராக மயிலாப்பூர். நாங்கள் தேடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் நான் குக்கர் வாங்க ஒரு பெரிய பாத்திரக் கடைக்குப் போனேன். அங்கே மைக்கில் ஆடித் தள்ளுபடி சொல்லிக்கொண்டிருந்த பெண், மைக்கை அணைத்ததாக நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளைப் பிடித்துக் கத்தினாள்.

“ஏட்டி, எந்தண்ணிப் பாட்டில எங்கன கொண்டுபோய் வச்ச? தொண்ட காஞ்சு சாவுதேன், ஒனக்குச் சிரிப்பு வருதோ?”

மூன்று மாடிக்கும் கேட்டது. நான் குக்கரை அப்படியே வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். பெயர் காளீஸ்வரி. கழுகுமலை ரோட்டில் ஒரு ஊர். கடை விடுதியில் தங்கி வேலை பார்த்தாள். நாள் முழுக்க நின்று கால் வீங்கியிருந்தது. டப்பிங் என்றால் என்ன என்று நான் விளக்கி முடித்ததும் அவள் கேட்ட ஒரே கேள்வி, “உக்காந்து பேசுறதா அண்ணாச்சி, நின்னுகிட்டா?” நின்றுகொண்டுதான் என்றேன். “இங்கனயும் நிக்கணுமா?” என்று அலுத்துக்கொண்டே வந்தாள்.

வந்த பிறகு அவளை அசைக்க முடியவில்லை. அரண்மனைச் சமையல்காரி பொம்மையைப் பார்த்து அவள் திட்டிய திட்டில் ஒலிப்பதிவாளர் ஜோசப் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கடையில் அதற்குள் வேறு பெண் மைக்கைப் பிடித்துவிட்டதால் திரும்பிப் போக வழியில்லை. ஊருக்குப் போகவும் அவளுக்கு மனசில்லை. ஏன் என்று ஒருதரம் கேட்டேன். “அங்கன யாரு இருக்கா?” என்றாள். அய்யா இருக்காரே என்றால், “ஆமா, அவிய இருக்காவ” என்று முடித்துக்கொண்டாள். ஆகவே இந்த மைக்கை விட்டால் அவளுக்கு நிற்க இடமில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது அழுகைக் காட்சி வந்தது. ஊரிலிருந்து ஆள் வந்து நாயகியின் அப்பா இறந்துவிட்டதாகச் சொல்கிறான். அவள் புறாக்கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு கதறுகிறாள். காளீஸ்வரி நான் எழுதிய தாளை வாசித்தாள். தாளை வைத்துவிட்டாள்.

“இத நான் பேச மாட்டேன் அண்ணாச்சி.”

“ஏன்?”

“எங்க அய்யா உசுரோட இருக்காவ. உசுரோட இருக்கிற மனுசனுக்கு ஒப்பாரி வைக்கச் சொல்லுதீங்களா?”

இது கதை, இது பொம்மை, இறந்தது பொம்மையின் அப்பா என்று ஒவ்வொருவராகச் சொன்னோம். அவள் அசையவில்லை. எனக்கும் அவளை எப்படித் திட்டுவது என்று தெரியவில்லை. சாவு விழாத வீட்டில் சும்மாவுக்கு ஒப்பாரி எடுத்தால் என் ஊரிலும் அறைதான் விழும். அழுகைக்கு மட்டும் வேறு கலைஞரை வைத்துப் பார்த்தோம். அதுவரை கழுகுமலையில் இருந்த பெண் அழும்போது மட்டும் தியாகராய நகருக்குப் போய்விட்டாள். சகிக்கவில்லை. வரதராஜன் சார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “அந்தப் பொண்ணு அழுதா அழட்டும். இல்லன்னா முதல் எபிசோடுல இருந்து வேற ஆளை வச்சு மாத்திடலாம்” என்றார். காளீஸ்வரி அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் தாளை எடுக்கவில்லை.

பிறகு அவளே சொன்னாள்.

“எங்க ஆத்தா போயி சேந்துட்டா. அவளுக்குன்னா அழுவேன். பொம்மையோட ஆத்தா செத்துப்போனான்னு எழுதிக் குடுங்க.”

நான் வரதராஜன் சாரைப் பார்த்தேன். அவர் அட்டை ஓட்டை வழியாக அந்தக் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தார். “முகத்தைப் பொத்திட்டு இருக்கா. வாய் தெரியல. அப்பாவோ அம்மாவோ, யாரை வேணா கொல்லுங்க” என்றார்.

கொன்றோம். அது என் தப்பு என்று கம்பெனியில் பின்னாளில் ஒரு பேச்சு கிளம்பியது. இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். எபிசோடுகளை நாலு நாலாக அனுப்பிவைப்பார்கள். மேற்கொண்டு கதை என்ன என்று கேட்டால், வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். வராத கதைக்கு நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்?

அன்று காளீஸ்வரி அழுத அழுகையை நான் விவரிக்கப் போவதில்லை. ‘என்னப் பெத்த தாயே’ என்று எடுத்தவள், எழுதிக் கொடுத்த எதையும் சொல்லவில்லை. தானாக வந்தது. முடித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்து, குளிக்கத் தண்ணீர் எங்கே என்றாள். ஸ்டூடியோவில் கை கழுவவே தண்ணீர் இல்லாத கோடை அது. அவள் விடவில்லை. ஒப்பாரியைக் கேட்டவர்கள் எல்லோரும் தலைக்குத் தண்ணீர் விட வேண்டும் என்றாள். ஜோசப், “நாங்கெல்லாம் அப்படிப் பாக்குறதில்லம்மா” என்றார். “சத்தம் காதுல விழுந்துச்சா இல்லையா?” என்று அவரை மடக்கினாள். நான் தண்ணீர் லாரிக்காரனிடம் கெஞ்சி இரண்டு குடம் வாங்கிவந்தேன். இதற்கெல்லாம் நேரமில்லை என்று எங்களைத் திட்டிவிட்டு வெளியே போன வரதராஜன் சார் திரும்பி வந்தபோது அவர் தலையும் ஈரமாக இருந்தது.

அதன் பிறகு தமிழில் மட்டும் அந்தப் பெண்ணின் அப்பா ஊரில் உயிரோடு இருந்தார். எந்த எபிசோடிலும் அவர் வராததால் யாரும் அவரைத் தேடவில்லை. நான் நிம்மதியாக இருந்தேன். கடைசி எபிசோடு வந்தது. போட்டுப் பார்த்தேன். அரண்மனை வாசலில் புழுதிக் காலோடு ஒரு பொம்பளை வந்து நிற்கிறாள். பெண்ணைப் பார்க்க ஊரிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். யார் என்று பார்த்தால், அம்மா! நாங்கள் அழுது, குளித்து, கருமாதி முடித்த அம்மா!

தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அழுகை எபிசோடு ஏற்கெனவே ஒளிபரப்பாகிவிட்டது. வந்தவளை அத்தை ஆக்கலாமா, பக்கத்து வீட்டுக்காரி ஆக்கலாமா என்று பார்த்தால், பெண் அவளைக் கூப்பிடும் இடத்தில் முகம் திரை முழுக்க நிற்கிறது. வாய் திறந்து, உதடு ஒட்டி, அகலமாகத் திறக்கிறது. அந்த அசைவுக்குள் ‘சித்தி’ போகாது, உதடு ஒட்டவேண்டும். ‘சின்னம்மா’வும் போகாது, முன்னால் நீளம். ‘அம்மா’தான் போகும். அளவெடுத்துத் தைத்த மாதிரி போகும். உலகத்தில் பாதி மொழிகளில் அந்த வார்த்தைக்கு உதட்டை மூடித்தான் திறக்கிறார்கள் போலிருக்கிறது.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. வாசலில் சேவகன் ‘யார் நீ?’ என்று கேட்கும்போது அவள் முதுகுதான் தெரிகிறது. திருவிழா. அங்கே, ‘நான் அவ சின்னம்மா. ஆத்தா போன பொறவு அவ வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ’ என்று எழுதினேன். அக்காள் இறந்தால், பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று தங்கையை அதே வீட்டுக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். அப்படி வந்த சின்னம்மாவை அம்மா என்று கூப்பிடுவதும் சாதாரணம். பிரச்சினை தீர்ந்தது என்று தாளைக் காளீஸ்வரியிடம் கொடுத்தேன்.

வாசித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். தாளைக் கசக்கி என் கையிலேயே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பின்னாலேயே போனேன்.

“எங்க வீட்டு விசயத்த ஒங்களுக்கு யாரு சொன்னா?”

“எந்த வீட்டு விசயம்?”

“எங்க சின்னம்மாவ எங்க அய்யாவுக்குக் கெட்டி வச்சது.”

சத்தியமாக எனக்குத் தெரியாது. “ஏட்டி, இது நம்ம பக்கத்துல நடக்காத தெரு எங்க இருக்கு? நான் வாய்க்குத்தான் எழுதுனேன்” என்றேன். அவள் நம்பினாளோ இல்லையோ, அழவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினாள்.

“கல்யாணத்துக்கு மின்ன சின்னம்மா சின்னம்மான்னு அவிய பின்னாலயே திரிவேன் அண்ணாச்சி. எனக்குத் தல சீவி விடுவாவ. ஒருநா காலைல எழுந்திருச்சுப் பாத்தா எங்க அய்யா பக்கத்துல மாலையப் போட்டுட்டு நிக்காவ. அதுக்குப் பொறவு என்னன்னு கூப்பிட? சின்னம்மான்னு சொன்னா அய்யா ஏசுதாவ. அம்மான்னு சொன்னா எங்க ஆத்தா மொகம் வருது.”

“என்னன்னுதான் கூப்பிடுவ?”

“ஒண்ணுஞ் சொல்லதில்ல. ‘இங்கேரு’ம்பேன். இல்லன்னா கிட்டப் போயி நிப்பேன். அவியளே திரும்பிப் பாப்பாவ.”

“எத்தனை வருசமா?”

“அவிய வந்ததுல இருந்து.”

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நாளை மறுநாள் ஒளிபரப்பு. “பொம்மை வாய் அது! நீ எதுக்கு ஒங்க வீட்ட இங்க இழுக்க?” என்று சத்தம் போட்டேன்.

“வாயிதானே பொம்மைக்கு? சத்தம் எனக்குல்ல” என்றாள்.

கதவைத் திறந்துகொண்டு வரதராஜன் சார் வந்தார், கையில் அட்டையோடு. விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக் கதையை அவர் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. “உதடு ஒட்டுது. அம்மாதான். அவ பேசலைன்னா சாயங்காலத்துக்குள்ள வேற ஆளைக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். காளீஸ்வரி சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே வந்தாள்.

முதல் டேக்கில் ‘அம்மா’ என்றாள். தள்ளுபடி அறிவிக்கிற குரல்.

“நல்லா இருக்கு. இன்னொண்ணு.”

அடுத்ததில் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரல். அதற்கும் “நல்லா இருக்கு. இன்னொண்ணு” என்றார். இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஜோசப் என்னைப் பார்க்கிறார், நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். வரதராஜன் சாரின் அட்டையைப் பிடுங்கிக் கிழித்துப்போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

“கொஞ்சம் கிட்டப் போயி நிக்கட்டுமா?” என்றாள் காளீஸ்வரி.

“மைக்கை விட்டு எங்கம்மா போவ?” என்றார் ஜோசப். பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்து போய் மைக்கையே கழற்றித் திரைக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தார். அவள் காலணியைக் கழற்றிவிட்டுத் திரைக்கு வெகு அருகில் போய் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். படம் ஓட ஆரம்பித்தது. சேவகன் கேட்டான், முதுகு பதில் சொன்னது. காளீஸ்வரி அப்படியே நின்றுகொண்டிருந்தாள். வாசலில் நின்ற பொம்பளை மெள்ளத் திரும்பினாள்.

“அம்மா.”

சத்தமே இல்லை. மூச்சில் பாதி, குரலில் பாதி. திரையில் உதடு ஒட்டிய இடத்தில் ஒட்டி, திறந்த இடத்தில் திறந்தது.

வரதராஜன் சார் அட்டையைக் கீழே இறக்கினார். அவர் முழுத் திரையையும் பார்த்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

“நல்லா இருக்கு” என்றார்.

இன்னொண்ணு வரும் என்று நாங்கள் காத்துக்கொண்டு நின்றோம். வரவில்லை. அவர் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

இதுதான் பிரியாவின் கம்ப்யூட்டர் கண்டுபிடித்த பிழை.

காளீஸ்வரி அதற்குப் பிறகு நிறையப் பேசினாள். கல்யாணமாகி இப்போது திருப்பூரில் இருக்கிறாள். பிரியா கேட்டதைப் போனில் சொன்னேன். “அங்கன கேட்டுக்கோங்க அண்ணாச்சி” என்றாள்.

“எங்கன?”

“அதான்... வீட்ல.”

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அம்மாவும் இல்லை, சின்னம்மாவும் இல்லை, வீடுதான்! போனை வைத்துவிட்டுக் கழுகுமலை பஸ் ஏறினேன். என் வயதில் அந்த பஸ்ஸில் நின்றுகொண்டு போனதற்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் டிரைவரைத் திட்டிக்கொண்டே போனேன். சின்னம்மாவின் பெயர் சண்முகத்தாய். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். காளீஸ்வரியின் அய்யா இறந்து நாலைந்து வருஷம் ஆகிறது. வீட்டில் இவர் மட்டும்தான். நான் யார் என்று சொன்னதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அந்தத் தொடரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கடைசி நாள் மட்டும் பார்க்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்குக் காளீஸ்வரி போன் செய்தாளாம். எதற்கு என்று சொல்லவில்லையாம்.

“அவிய வீட்டு டிவி முன்னாலதான் போயி உக்காந்தேன். ஏதோ புறா வந்துச்சு, ராசா வந்தாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவ சத்தம் கேட்டதும் கண்ண மூடிக்கிட்டேன் அண்ணாச்சி. படத்தப் பாக்கல. சத்தத்த மட்டும் கேட்டுக்கிட்டிருந்தேன்.” முந்தானையை எடுத்து ஒருதரம் உதறிப் போட்டுக்கொண்டார். “அப்பத்தான் கூப்பிட்டா.”

“அதுக்குப் பொறவு?”

“எதுக்குப் பொறவு?”

“நேர்ல கூப்பிட்டிருக்காளா?”

“அவ அய்யா தவறுன அன்னைக்குக் கூட கிட்ட வந்துதான் நின்னா. நான் திரும்பிப் பாத்தேன். அவளுக்கு அப்படித்தான் வருது, என்ன செய்ய? கொற சொல்லக் கூடாது. பொங்கலுக்குப் பொங்கல் சேல எடுத்துட்டு வந்துருதா.”

மெஷின் விஷயத்தைச் சொன்னேன். அந்த வார்த்தையை எடுத்துவிட்டு, அதே குரலில் வேறு வார்த்தை வைத்துவிடுவார்கள் என்றேன். அவருக்கு முதலில் பிடிபடவில்லை. “அவ சத்தத்துலயா? அவ பேசாமலா?” என்று இரண்டு தடவை கேட்டார். பிடிபட்டதும் கையை நீட்டினார்.

“அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டு இங்கன தாங்க.”

போட்டு, ஸ்பீக்கரை வைத்துக் கொடுத்தேன். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார்.

“தாயி, காளீஸ்வரி வீட்ல இருந்து பேசுதேன். நீங்க படத்துல வேற எத வேணாலும் மாத்திக்கோங்க. அந்த ஒண்ண விட்டுருங்க. அது படத்துக்குச் சொன்னது இல்ல தாயி. எனக்குச் சொன்னது.”

சின்ன சந்தேகம் ஏதாவது வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

“சரிம்மா. மாத்தலைம்மா. நீங்க கவலைப்படாதீங்கம்மா” என்றாள் பிரியா.

சண்முகத்தாய் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“இந்தப் பிள்ளைக்கு அந்த வார்த்த எம்புட்டு லேசா வருது, பாத்தியளா அண்ணாச்சி” என்றார்.